காற்றில்லாத நாளுக்கான வரைபடம்

முதல் தாளில், கடலிலிருந்து கரைக்கு
ஒரேயொரு அம்புக்குறி வரைந்து
'காற்று' என்று எழுதியிருந்தேன்.
ரொசைரோ வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"மார்கழி வாடைக்குச் சரி.
ஆடியில கச்சான், வாவிப் பக்கத்தால வரும்.
அப்ப என்ன செய்யும் உங்கட சாமான்,
முதுகைக் காட்டிக்கொண்டு நிக்குமா?"

சுருட்டி வைத்தேன்.
டச்பார் மணலில் ஒரு கம்பு நட்டு
நுனியில் பழைய சாரத்துண்டு கட்டி
எட்டு மாதம் குறித்தேன்:
எந்நேரம், எத்திசை, துணி எவ்வளவு நிமிர்ந்தது.
கொப்பியில் நிறைய இடத்தில்
'தொங்குகிறது' என்றுதான் இருக்கிறது.

ஓர் ஆளுக்கு ஒரு தகடு.
தகட்டின் நீளம் ஆளின் உயரம்.
கூட்டத்தில் இதை நான்தான் சொன்னேன்,
அளவுகள் ஏதோ கோப்பில் இருக்கும் என்பதுபோல.
"எவ்வளவு இருப்பார்?" என்று
வீடு வீடாகக் கேட்டேன்.
எழும்புவார்கள்.
கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து
வெறும் வெளியில் ஓரிடத்தில் நிறுத்துவார்கள்.
நிலத்திலிருந்து அந்தக் கை வரை
நான் டேப் பிடிப்பேன்.
தவமலரின் கை இரண்டு தரம் இறங்கியது.
"இல்ல, அது செருப்போட" என்றார்.

பேரிங் வாங்கக் காத்தான்குடி.
உப்புக்கு ஈடுகொடுக்கிற வகை, விலை நெருப்பு.
இஸ்ஸதீன் நானா ஒரு சதமும் குறைக்கவில்லை.
பில்லைத் திருப்பிப் பின்பக்கத்தில்
ஒரு பெயர் எழுதினார்.
"புடவை மூட்டையோட அண்டைக்கு
உங்கட கரைக்கு வந்தவர்.
அஞ்சடி ஆறங்குலம்.
லிஸ்டில இரிக்காரா, பாருங்க."
இல்லை.
சேர்த்தேன். அச்சின் சமநிலை குலைந்தது.
முதலிலிருந்து மறுபடி.

பட்டறையில் முதல் பன்னிரண்டைத் தொங்கவிட்ட இரவு
கதவிடுக்கால் கொஞ்சம் வந்தது.
பெரியவர்கள் அசையவில்லை.
குட்டைத் தகடுகள் மட்டும்
ஆடத் தொடங்கின.
அதை நான் வரையவில்லை;
எடை தானாகச் செய்த வேலை.
பேன் ஓடுகிறதா என்று ரொசைரோ மேலே பார்த்தார்.
கரண்ட் போய் அரைமணி.

சபைச் செயலாளர் வந்தார்.
திறப்பு காலை ஒன்பதுக்கு. அதிதி வருகிறார்.
அந்நேரம் பார்த்துக் காற்று இல்லாவிட்டால்?
உள்ளே ஒரு சின்ன மோட்டர் வைக்கலாமே,
வெளியே தெரியாது.
நான் வாய் திறக்குமுன் தவமலர் சொன்னார்:
"அண்டைக்கும் காத்து இல்ல, சேர்.
கொடியில போட்ட சீலைகூட அசையல்ல.
அதாலதான்
ஆரும் கடலைத் திரும்பிப் பார்க்கல்ல."
பிறகு எட்டி,
செருப்பில்லாத அந்த அளவை
ஒரு விரலால் தள்ளினார்.
போய் வந்தது.
மறுபடி தள்ளினார்.
செயலாளர் தன் கோப்பை மூடினார், திறந்தார், மூடினார்.

அன்றிரவு உயரத்தை அழித்தேன்.
பிள்ளைகள் பிடித்துத் தொங்காதிருக்க
மூன்று மீற்றர் மேலே என்பது சபையின் நிபந்தனை.
இனி அடிவிளிம்பு இடுப்பளவு.
"தொங்குவாங்க" என்றார் ரொசைரோ.
"தொங்கட்டும். கணக்கைப் போடுவம்.
எட்டு வயசுக்கு எத்தனை கிலோ வரும்?"

கிரைண்டர் நின்றது.
"இருபத்திரண்டரை" என்றார், திரும்பாமல்.
"பள்ளிக்கூட மெடிக்கல் அட்டையில
கடைசியா எழுதினது."

மறுபடி கிரைண்டரைப் போட்டார்.
இருபத்திரண்டரை என்று எழுதி
பாதுகாப்புக்கு
மூன்றால் பெருக்கினேன்.